கப்பலின் முகம்

வைகைத் துறையில் நின்ற ஓடங்களைப் பற்றிச் சிலப்பதிகாரம் கூறும் செய்தி தமிழ் கற்றோர் அறிந்ததே. குதிரை முகங் கொண்டவை, யானை முகங் கொண்டவை, சிங்க முகங் கொண்டவை என மூவகை அம்பிகள் அத்துறையில் மக்களை ஏற்றி இறக்கின. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அவற்றுள் எதிலும் ஏறவில்லை. மரப்புணை ஒன்றின் மீதே அவர்கள் அக்கரை சேர்ந்தனர். கலத்துக்கு முகம் அமைத்து அழகு பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பது இதனால் விளங்கும். அம்முகத்தைக் கண்டு நிற்போர் எல்லாரும் அக்கலத்தில் ஏறுவோர் அல்லர் என்பதும் விளங்கும்.

இன்று உலகெங்கும் கப்பற் பிரியர்களிடையே ஒரு வாதம் நடைபெறுகின்றது. கப்பல்களின் தோற்றத்தை ஆராய்வதிலும், அவற்றின் படங்களைத் தொகுப்பதிலும், ஒன்றோடொன்றை ஒப்பிடுவதிலும் வாழ்நாளைச் செலவிடுவோர் பல நாடுகளிலும் உளர். இக்கால உல்லாசப் பயணக் கப்பல் அழகுடையதா என்பதே அவர்தம் வாதப்பொருள். “இது கப்பலே அன்று, கடலில் தள்ளிவிடப்பட்ட மாடி விடுதி” என்பர் ஒரு சாரார். “காலத்தின் தேவை பெற்றெடுத்த வடிவம் இது, பழையதை நினைந்து புலம்புவதால் ஆவதொன்றில்லை” என்பர் மறு சாரார்.

பொழுதுபோக்குக்காரரின் இரசனைச் சண்டை என்று இதனைத் தள்ளிவிட முடியுமா? திருகோணமலையில் வாழும் நம்மால் முடியாது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல், அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. இருநூறு மீற்றருக்கு மேல் நீளமுள்ள அவ்வெண்ணிறக் கப்பல் நமது குடாவில் நின்றபொழுது கரையில் நின்றோர் வியந்தனர். அக்கப்பலைப் போன்றவற்றில் வேலை தேடிச் செல்ல விரும்பும் இளைஞர் நமது வகுப்பறைகளிலேயே இருக்கின்றனர். ஆகவே கப்பலின் முகத்தைப் படிக்கக் கற்பது நமக்கும் ஒரு கடமையாகின்றது.

முதலில் பழைமையைப் போற்றுவோரின் கட்சியை நோக்குவோம். அவர்கள் உயர்த்திக் கூறும் கப்பல்களுள் இரண்டு, பிரான்ஸ் நாட்டின் சான் நசேர் நகரிலே கட்டப்பட்டவை. ஒன்று 1935ஆம் ஆண்டில் முதற்பயணம் சென்ற ‘நோர்மண்டி’. மற்றொன்று 1962ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த ‘பிரான்ஸ்’. கத்தி போல் நீண்டு சரிந்த முன்பகுதி, இரு முனைகளிலும் மெல்ல உயர்ந்து நடுவில் தாழும் தட்டுக் கோடு, படிப்படியாகப் பின்வாங்கும் மேல்மாடங்கள், சற்றே பின்சாய்ந்த புகைபோக்கிகள் ஆகியவை சேர்ந்து ஒரே வீச்சில் வரைந்த கோடு போன்ற தோற்றத்தைத் தந்தன. இவ்வழகு வெறும் அலங்காரமாகப் பிறந்ததன்று. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மாரிக்கால அலைகளை விரைவாகக் கிழித்துச் செல்ல நீண்ட முன்பகுதி வேண்டியிருந்தது. தட்டின் மேல் நீர் ஏறாதிருக்க வளைந்த கோடு வேண்டியிருந்தது. ‘பிரான்ஸ்’ கப்பலின் புகைபோக்கிகளில் இரு சிறகுகள் விரிந்திருந்தன. தட்டில் உலவுவோர் மீது புகை படியாமல் பக்கங்களில் வீசியெறிவதற்காகவே அவை அமைக்கப்பட்டன. தேவையும் வடிவமும் ஒன்றுபட்ட இடத்தில் அழகு தோன்றியது என இக்கட்சியினர் கூறுவதில் உண்மை உண்டு.

ஆனால் அது முழு உண்மையன்று. 1912ஆம் ஆண்டில் மூழ்கிய ‘டைற்றானிக்’ கப்பலின் நான்கு புகைபோக்கிகளுள் நான்காவது, கொதிகலன்களின் புகையைத் தாங்கவில்லை; காற்றோட்டத்துக்குப் பயன்பட்ட அது பெரும்பாலும் தோற்றத்துக்காகவே நின்றது. ‘நோர்மண்டி’யின் மூன்றாவது புகைபோக்கியும் போலியே, அதனுள்ளே பயணிகளின் நாய்களுக்குக் கூடு அமைந்திருந்தது. கொழும்பு வழியாக அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற ‘ஸ்திராத்நேவர்’, ‘ஸ்திராத்தெயார்ட்’ என்னும் இரு வெள்ளைக் கப்பல்கள் 1931, 1932ஆம் ஆண்டுகளில் சேவைக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று புகைபோக்கிகள் இருந்தன. நடுவிலிருந்த ஒன்றே புகைவிட்டது. இரண்டாம் மகாயுத்தத்தின் பின்னர் செப்பனிட்டபொழுது போலிகளை அகற்றிவிட்டனர். கப்பல்கள் முன்போலவே ஓடின.

இப்பொய்க்குக் காரணம் யாது? புகைபோக்கிகளின் எண்ணிக்கையைக் கொண்டே கப்பலின் வலிமையையும் வேகத்தையும் மக்கள் அளந்த காலம் அது. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குச் சென்ற ஏழைக் குடியேறிகள், கையிலிருந்த சிறுபணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்குமுன் சுவரொட்டியில் புகைபோக்கிகளை எண்ணிப் பார்த்தனர். அவர்தம் அச்சத்தையும் நம்பிக்கையையும் கணக்கிட்டே கம்பனிகள் கப்பலுக்கு முகம் வரைந்தன. பழைய கப்பலின் அழகில் ஒரு பாதி கடலுக்குச் சொன்ன விடை; மறு பாதி சந்தைக்குச் சொன்ன பொய்.

இனிப் புதுமைக் கட்சியை நோக்குவோம். 1958ஆம் ஆண்டு ஒக்டோபரில் தாரை விமானங்கள் அத்திலாந்திக்கைக் கடந்து பயணிகளை ஏற்றத் தொடங்கின. ஐந்து நாட் பயணம் சில மணித்தியாலங்களாகச் சுருங்கியது. கப்பல், ஊருக்கு ஊர் மனிதரைக் கொண்டு செல்லும் வாகனமாக இருந்த நிலை மாறி, ஏறிய துறையிலேயே திரும்பவும் இறக்கிவிடும் விடுதியாயிற்று. அவசரமில்லாத கப்பலுக்குக் கூரிய நீண்ட முன்பகுதி எதற்கு? அவ்விடத்திலும் அறைகளை நிரப்பினால் வருமானம் உண்டு. ஒரே அளவில் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தப்படும் அறைகளுக்கு வளைந்த தட்டு ஒவ்வாது. ஆகவே கோடுகள் நேராயின. 1984ஆம் ஆண்டில் வந்த ‘றோயல் பிரின்சஸ்’ கப்பலில் பயணிகளின் அறைகள் அனைத்தும் வெளிப்புறம் நோக்கி அமைந்தன. பல அறைகளுக்குத் தனிப் பல்கனியும் இருந்தது. கடலைத் தனியே இருந்து பார்க்கும் வசதிக்கு மிகுந்த விலை கிடைக்கும் என்று கண்டபின், கப்பலின் இரு பக்கங்களும் பல்கனி அடுக்குகளாயின. அவற்றை மறைக்காதிருக்க உயிர்காப்புப் படகுகள் கீழே இறங்கின. 2024ஆம் ஆண்டில் சேவைக்கு வந்த ‘ஐக்கன் ஒஃப் த சீஸ்’ 365 மீற்றர் நீளமும், கொள்ளளவுக் கணக்கில் ஏறத்தாழ 2,50,000 தொன்னும் உடையது. அதனைக் கடலிலிருந்து நோக்குபவனுக்குப் பல்கனிச் சுவரே பெரிதும் தெரியும்.

புதிய கப்பல் போலிப் புகைபோக்கி வைத்து ஏமாற்றவில்லை. தான் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைத் தன் முகத்திலேயே எழுதிக்கொண்டு வருகின்றது. கடற்காட்சியை அறை அறையாகக் கூறுபோட்டு விற்பதே அதன் தொழில். அவ்வகையில் அது நேர்மையானது எனப் புதுமைக் கட்சியினர் கூறின் அதுவும் ஒரு பாதி உண்மையே.

இரு கட்சியினரும் காணாத இடம் ஒன்றுண்டு. நீர்மட்டத்தை ஒட்டிச் செல்லும் சிறு சாளர வரிசையும், அதற்குக் கீழே சாளரமே இல்லாத பகுதியுமே அது. சமைப்போர், துணி வெளுப்போர், அறை துடைப்போர், எந்திரம் காப்போர் ஆகியோரின் உலகம் பெரும்பாலும் அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியக் கப்பல்களில் ஐரோப்பியக் கடலோடி ஒருவனுக்கு 72 கன அடி இடம் ஒதுக்கச் சட்டம் இருந்தது. லஸ்கார் என்றழைக்கப்பட்ட ஆசியக் கடலோடிக்கு 36 கன அடியே. இன்று நிலைமை திருந்தியுள்ளது, மறுப்பதற்கில்லை. 2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சர்வதேச உடன்படிக்கை பல உரிமைகளைத் தந்துள்ளது. ஆயினும் அவ்வுடன்படிக்கையிலும் ஒரு விதியைக் காண்க: தொழிலாளரின் படுக்கையறை கப்பலின் சுமைக் கோட்டுக்கு மேலே இருத்தல் வேண்டும், ஆனால் பயணிகள் கப்பல்களில் அதற்குக் கீழே அமைக்க அனுமதிக்கலாம். மேலே பல்கனிகள் பெருகும் கப்பலுக்கே கீழே இந்த விலக்கு!

‘பிரான்ஸ்’ கப்பலின் வரலாறு முழுவதும் இவ்வுண்மைக்குச் சான்றாகும். 1974ஆம் ஆண்டில் அரசு மானியத்தை நிறுத்தியதும் கப்பலை ஒதுக்கிவிடத் தீர்மானித்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அதன் தொழிலாளர் லெ ஆவ்ர் துறைமுக வாயிலில் கப்பலை மறித்து நிறுத்திப் போராடினர். எனினும் அவர்கள் வெற்றிபெறவில்லை. பின்னர் அது ‘நோர்வே’ என்னும் பெயருடன் 1980ஆம் ஆண்டில் உல்லாசக் கப்பலாயிற்று. 1990ஆம் ஆண்டில் அதன் மீது மேலும் இரண்டு தட்டுகள் ஏற்றப்பட்டபொழுது, அழகிய கோடு கெட்டுவிட்டதே எனக் கப்பற் பிரியர்கள் வருந்தினர். 2003ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் மயாமித் துறைமுகத்தில் அதன் கொதிகலன் ஒன்று வெடித்தது. இறந்த எண்மரும் கப்பற்றொழிலாளரே.

2006ஆம் ஆண்டில் அக்கப்பல் குஜராத்திலுள்ள அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அதனுள்ளிருந்த அஸ்பெஸ்டஸ் பற்றி வழக்கு நடந்தது. 2007ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் உடைக்க அனுமதி வழங்கியது. ஏழைத் தொழிலாளர் எரிவாயுச் சுடரால் அதனைத் துண்டு துண்டாக வெட்டினர். அதன் முன்முனையின் ஒரு துண்டு மட்டும் பிரான்சுக்குத் திரும்பி, 2009ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஏலம் போயிற்று. அழகு ஐரோப்பாவுக்குச் சென்றது. தூசு அலங்கில் தங்கியது.

திருகோணமலைத் துறைமுகமும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டில் இத்துறையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். இதன் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று 1817ஆம் ஆண்டு ஒக்டோபர் 12ஆம் நாள் பம்பாயில் நீரில் இறக்கப்பட்டது. மலையாளக் கரையின் தேக்கு மரத்தில், வாடியா குடும்பத்தாரின் மேற்பார்வையில், இந்தியத் தச்சர்களின் கையால் உருவானது அது. அதன் முகப்பில் தலைப்பாகை அணிந்த கீழைத்தேயத்தான் ஒருவனின் சிலை. நம்மவர் மரம், நம்மவர் உழைப்பு, நம் ஊரின் பெயர், நம்மவரின் முகம். ஆனால் பீரங்கிகள் மட்டும் பேரரசினுடையவை! இன்று அக்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் காட்சிப்பொருளாக மிதக்கின்றது. வந்து பார்ப்போர் அதன் கட்டழகைப் புகழ்கின்றனர். தேக்கை இழைத்த தச்சர்களின் பெயர்களையோ முகப்பிலே காணமுடியாது.

மற்றொரு கப்பல் இங்கேயே கிடந்தது. ‘சகாய்ங்’ என்னும் பயணிகள் கப்பல் 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சால் இத்துறைமுகத்தில் எரிந்தது. மறு ஆண்டில் அதனை வேண்டுமென்றே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினர். முக்கால் நூற்றாண்டு நீருள் கிடந்தபின், 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கடற்படையின் சுழியோடிகள் அதனை மிதக்கச் செய்தனர். வெளித்தோற்றம் முழுவதும் அழிந்த பின்னரும் ஒரு கப்பல் சுமை தூக்குவோரின் காலடிக்கு இடந்தர முடியும் என்பதற்கு அது சாட்சி. எந்தப் படத் தொகுப்பில் அந்த அழகுக்கு இடமுண்டு?

இவ்வாறு கூறுவதால் அழகை வெறுக்கிறோம் என்று யாரும் கருதவேண்டாம். அழகு செல்வர்க்கு மட்டும் உரியது என விட்டுக்கொடுப்பது உழைக்கும் மக்களுக்குச் செய்யும் துரோகமாகும். வல்வெட்டித்துறைக் கம்மியர் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை நினைவுகூர்வோம். சிறு பாய்க்கலம் ஒன்றில் உலகைச் சுற்றி வந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன், எத்தனையோ துறைகளைக் கண்டபின் இக்கப்பலை விரும்பி வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகளே அதனைச் செலுத்திச் சென்றனர்; 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் நாள் அது அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அங்கும் உடைமையாளர் வேறு, உழைப்பாளர் வேறு என்பது உண்மையே. ஆயினும் அந்த வடிவத்தைச் சமைத்த கையும் அதனைக் கடலில் நடத்திய கையும் ஓர் ஊரின் கைகள். கட்டியவர் இன்னார், செலுத்தியவர் இன்னார் என்று அவ்வூர் இன்றும் சொல்லிப் பெருமை கொள்கின்றது.

எனவே பழையது அழகா, புதியது அழகா என்ற வினா முழுமையற்றது. நமது குடாவுக்கு மீண்டும் ஒரு வெள்ளைக் கப்பல் வருமானால் மாணவர் அதனை வியந்து நோக்கட்டும், வியப்பு குற்றமன்று. வியந்தபின் அதன் பின்பகுதியில் எழுதியுள்ள பதிவுத் துறையின் பெயரைப் படிக்கட்டும். பஹாமாவின் நாசோ என்றோ, பனாமா என்றோ இருப்பின், உடைமையாளர் ஓரிடத்திலும் கொடி வேறோரிடத்திலும் இருப்பதேன் என வினவட்டும். பல்கனிகளை எண்ணட்டும், பின்னர் நீர்மட்டத்துச் சாளரங்களையும் எண்ணட்டும். அங்கே வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞன், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் தன் படுக்கை எத்தட்டில் உள்ளது, தன் வேலைநேரம் எத்தனை, தன் முறையீட்டை எந்நாட்டுச் சட்டம் கேட்கும் என்று கேட்டறியட்டும். ஆசிரியராகிய நாம் கற்பிக்கவேண்டிய கப்பற் கலை இதுவே. கீழ்த்தட்டில் உழைப்பவனும் மேல்தட்டில் நின்று கடலைப் பார்க்கும் உரிமை பெறும் நாளில், கப்பலின் முகமும் தானாகவே மாறும்.