பழைய விளையாட்டுச் சாமானில் என்ன வரலாறு இருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் மூலாதாரங்களை இரண்டாகப் பிரித்துப் படிப்பிக்கிறோம். இலக்கிய மூலாதாரம், தொல்பொருள் மூலாதாரம். மகாவம்சம் ஒரு பக்கம், கல்வெட்டும் நாணயமும் மறுபக்கம். பிள்ளைகளும் அப்படியே பாடமாக்கி எழுதிப் புள்ளி எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கடையில் விற்ற ஒரு பிளாஸ்டிக் பொம்மை மூலாதாரம் ஆகுமா என்று கேட்டால் வகுப்பே சிரிக்கும். பெரியவர்களும் சிரிப்பார்கள். ஆகும் என்பதுதான் எமது பக்கம். அதற்கு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பழைய சாமான்களைத் தேடிச் சேர்ப்பவர்களின் கதையை எடுத்துக்கொள்வோம்.

தொடரின் பெயர் ஸ்டார் ட்ரெக். 1966 செப்டெம்பர் 8ஆம் திகதி என்.பி.சி. அலைவரிசையில் ஆரம்பித்தது. எண்டர்பிரைஸ் என்றொரு விண்கலம், அதன் கப்டன் கேர்க், கூர்க் காது வைத்த ஸ்பொக். இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப் போகிறார்கள் என்ற கதை பரவியதும் ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். மூன்றாம் பருவம் கிடைத்தது. ஆனால் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணி, இளசுகள் வீட்டில் இருக்காத நேரம். 1969 ஜூன் 3ஆம் திகதி 79ஆவது அத்தியாயத்தோடு கதை முடிந்தது. தோற்றுப்போன தொடர் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு ஊருக்கு ஊர் சிறிய அலைவரிசைகள் அதை மலிவாக வாங்கி மாலை நேரங்களில் மறு ஒளிபரப்புச் செய்தன. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் பார்த்தார்கள். 1972 ஜனவரியில் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் ரசிகர்கள் ஒரு மாநாடு வைத்தார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 3,000 பேருக்கு மேல் வந்து நின்றார்கள். இன்று சேர்ப்பவர்கள் தேடும் சாமான்களில் பெரும்பகுதி இதற்குப் பிறகு வந்தவைதான். அதாவது, தொடர் ஓடிய காலத்தில் அல்ல, நின்ற பிறகுதான் சந்தை பிறந்தது.

தொடர் ஓடிய காலத்துச் சாமான்களில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏ.எம்.டி. என்பது பிளாஸ்டிக் கார் மாதிரிகள் செய்த கம்பனி. துண்டு துண்டாகப் பெட்டியில் வரும், பிள்ளைகள் பசை பூசி ஒட்டிக் கட்டுவார்கள். எண்டர்பிரைஸ் மாதிரியை விற்கும் உரிமை இந்தக் கம்பனிக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலாகத் தொடருக்குத் தேவைப்பட்ட கலிலியோ என்ற சிறு விண்ணோடத்தை, ஆட்கள் ஏறி இறங்கக்கூடிய அளவில் செய்து கொடுத்தது. காசில்லாத தயாரிப்பாளருக்கு விளையாட்டுச் சாமான் கம்பனி கைகொடுத்த கதை இது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், ஓர் அத்தியாயத்தில் சேதமடைந்த இன்னொரு கப்பல் வேண்டியிருந்தது. கடையில் விற்ற அதே ஏ.எம்.டி. பெட்டியை எடுத்து ஒட்டி, சிதைத்து, படம் பிடித்தார்கள். எண்டர்பிரைஸின் இலக்கம் 1701. அந்தக் கப்பலின் இலக்கம் 1017. பெட்டிக்குள் இருந்த அதே இலக்க ஒட்டிகளை இடம் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்! அந்தப் பெட்டி ஒன்று கையில் இருந்தால் அந்தக் காலத்துத் தயாரிப்புச் செலவுக் கணக்கையே வாசிக்கலாம்.

இனிப் பொம்மைகளுக்கு வருவோம். 1974இல் மெகோ என்ற கம்பனி 8 அங்குலப் பொம்மைகளை இறக்கியது. துணி உடுப்பு, இடுப்பில் பட்டி, கையில் சின்னத் துவக்கு. சிக்கனத்தில் கெட்டிக்காரர்கள். வேறு தொடர்களின் பொம்மைகளுக்குப் பாவித்த அதே உடலில் தலையையும் உடுப்பையும் மாற்றி விற்றார்கள். கோர்ன் என்ற பல்லி மனிதன் திரையில் பச்சை நிறம். மெகோவின் கோர்ன் மண்ணிறம், உடுத்தியிருப்பது கிளிங்கன் எதிரியின் உடுப்பு. நெப்டியூனியன் என்று ஒரு பொம்மை விற்றார்கள். அப்படியொரு பாத்திரம் தொடரிலேயே கிடையாது. ஆனாலும் விற்றது.

சேர்ப்பவர்கள் அன்டோரியன், ரொமுலன் போன்ற பிந்திய, அரிதான பொம்மைகளுக்காக அலைவார்கள். எமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்த வரிசையில் லெப்டினன்ட் உஹுரா இருக்கிறார். கறுப்பினப் பெண் ஒருவர் கப்பலின் தொடர்பாடல் அதிகாரி. அந்தப் பாத்திரத்தில் நடித்த நிஷெல் நிக்கல்ஸ், தாம் விலகப் பார்த்தபோது மார்ட்டின் லூதர் கிங் தடுத்து நிறுத்தியதாகப் பல தடவைகள் சொல்லியிருக்கிறார். 1970களின் நடுப்பகுதியில் ஓர் அமெரிக்கச் சிறுமி கடைக்குப் போய், வேலைக்காரியாக அல்லாமல் அதிகாரியாக நிற்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் பொம்மையை வாங்க முடிந்தது. இதை எந்தச் சட்டப் புத்தகமும் இவ்வளவு எளிதாகச் சொல்லாது.

அதே வரிசையில் சூலு இல்லை. செக்கொவும் இல்லை. ஒருவர் ஆசியர், மற்றவர் ரஷ்யர். கப்பலை ஓட்டும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள். இருவருக்கும் மெகோ அந்நாளில் பொம்மை செய்யவில்லை. சூலுவாக நடித்த ஜோர்ஜ் டகே, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகச் சிறுவயதிலேயே குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். கம்பனி ஏன் விட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. வியாபாரக் கணக்காகவும் இருக்கலாம். ஆனால் தொகுப்பு முழுமையாக மேசையில் அடுக்கப்பட்டால்தான் யார் இல்லை என்பது கண்ணில் படுகிறது. கல்வெட்டில் பெயர் இருக்கிறவர்களை மட்டும் படித்துவிட்டு, பெயர் இல்லாதவர்களைக் கேட்காமல் விடுவது போல இதையும் விட்டுவிடக்கூடாது.

இப்போது பழைய மெகோ பொம்மைகளைப் போலவே புதிதாகச் செய்து விற்கிறார்கள். தொலைந்த துவக்கு, பட்டிக்குக்கூடப் புதிய பதிலிகள் உண்டு. ஆசைக்கு வைத்திருக்கலாம், பிழையில்லை. ஆனால் புதியதைப் பழையதோடு கலந்து சொல்லாமல் விற்பதுதான் கெடுதி. காசு மட்டுமல்ல, சாட்சியும் கெட்டுப்போகிறது. 1967இல் லீஃப் கம்பனி வெளியிட்ட 72 பட அட்டைகளுக்கும் இதே கதைதான். மூலம் அரிது, பிற்காலத்து மறுபதிப்பு தாராளம்.

எம்மை ஆகக் கூடுதலாக யோசிக்க வைத்தது பொம்மை அல்ல, பிலிம் துண்டு. அக்காலத்தில் தொடர் 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுக்கப்பட்டது. தொகுப்பாளர் வெட்டி எறிந்த மிச்சம் கழிவு. தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரியின் தரப்பு லிங்கன் எண்டர்பிரைசஸ் என்ற பெயரில் ஒரு தபால் வியாபாரம் நடத்தியது. அந்தக் கழிவைப் படம் படமாக நறுக்கித் தபாலில் விற்றது. பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்கி, சிலைட் சட்டத்தில் போட்டுச் சுவரில் காட்டிப் பார்த்தார்கள். நறுக்கி விற்றதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் நறுக்காமல் விட்டிருந்தால் குப்பைக்குத்தான் போயிருக்கும். அந்தத் துண்டுகளில் ஒளிபரப்பாகாத காட்சிகளும் இருந்தன. டேவிட் டிலோட்டா, கேர்ட் மெக்கலோனி என்ற இரு ரசிகர்கள் இப்படியான துண்டுகளைச் சேர்த்து, வரிசைப்படுத்தி, வெட்டப்பட்ட காட்சிகள் எப்படி இருந்திருக்கும் என்று 2018இல் ஒரு புத்தகமே போட்டார்கள். அந்தக் காலத்து வர்ணப் பிலிம் நாட்பட நாட்பட நீலமும் பச்சையும் மங்கி இளஞ்சிவப்பாகிவிடும். அதனால் அந்த நிறங்களையும் மீட்க வேண்டியிருந்தது. உடைந்த மட்பாண்டத் துண்டை ஒட்டும் தொல்லியலாளரின் வேலைக்கும் இதற்கும் எமக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பெரிய சாமான்களின் கதை பொம்மைகளைவிட மோசம். ஏ.எம்.டி. செய்து கொடுத்த கலிலியோ கைமாறிக் கைமாறி, வெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து உக்கியது. 2012இல் ஏலத்தில் வாங்கித் திருத்தினார்கள். 2013இல் ஹியூஸ்டன் விண்வெளி நிலையத்தில் காட்சிக்கு வைத்தார்கள். படப்பிடிப்புக்குப் பாவித்த 11 அடி எண்டர்பிரைஸ் மாதிரி 1974இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அன்பளிப்பாகப் போனது. பல ஆண்டுகள் அது தொங்கியது நூதனசாலையின் பரிசுப் பொருள் கடையில். பிறகு மனம் மாறி முறையாகத் திருத்தத் தொடங்கியபோது, ஆதியில் எந்த நிறம், எங்கே என்ன அடையாளம் என்று தெரிய வேண்டியிருந்தது. அப்போது நூதனசாலை பொதுமக்களைப் பார்த்து, உங்களிடம் பழைய படங்கள் இருந்தால் தாருங்கள் என்று கேட்டது. 2016இல் அது ரைட் சகோதரர்களின் காலம் தொடக்கம் பறப்பின் வரலாற்றைச் சொல்லும் நூதனசாலையின் பிரதான மண்டபத்துக்கு வந்தது.

விலை பற்றிக் கேட்பீர்கள். 2006 ஒக்டோபரில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் பிந்திய தொடர் ஒன்றின் விண்கல மாதிரி 5,76,000 டொலருக்குப் போனது. பத்திரிகைகள் இதைத்தான் எழுதும்.

எமக்கு அதைவிடச் சுவையானது சிறிய மாதிரியின் கதை. 11 அடி மாதிரிக்கு முன்பே சுமார் 3 அடியில் ஒன்று செய்தார்கள். அது ரொடன்பெரியின் மேசையில் இருந்தது. 1970களின் கடைசியில் திரைப்பட வேலைக்காக இரவல் கொடுத்தார், திரும்பி வரவில்லை. இரவல் கொடுத்த புத்தகம் போல! 40 வருடங்களுக்கு மேல் யாரும் காணவில்லை. 2023இல் கைவிடப்பட்ட வாடகைக் களஞ்சிய அறை ஒன்றின் சாமான்களோடு அது வெளியே வந்தது. ஈபேயில் ஆரம்ப விலை 1,000 டொலர் என்று போட்டார்கள். படத்தைப் பார்த்த ரசிகர்கள், நிறப்பூச்சையும் வடிவத்தையும் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு உடனே சத்தம் போட்டார்கள். விளம்பரம் இறக்கப்பட்டது. ஏல நிறுவனம் ஒன்று சோதித்து உண்மையானதுதான் என்று உறுதிப்படுத்தியது. 2024 ஏப்ரலில் ரொடன்பெரியின் மகன் கைக்கு அது போய்ச் சேர்ந்தது. இரவல் வாங்கிப் போனவர்கள் யார் என்பது மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.