காணியும் காம்பிராவும்



ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கைக்கு வந்ததும் நம்மில் சிலர் சிறுகதைப் பக்கத்தைத் தேடுவோம். வேறு சிலர் விளம்பரப் பக்கத்தைத் தேடுவார்கள். "வீடும் காணியும் விற்பனைக்கு" என்ற தலைப்பின் கீழ் நான்கைந்து வரிகள் இருக்கும். இத்தனை ஏக்கர், இத்தனை அறை, குழாய்நீர், மின்சாரம், வாகனம் செல்லும் பாதை, தெளிவான உறுதி. அந்த நான்கு வரிக்குள் ஒரு குடும்பத்தின் கதையே அடங்கிக் கிடக்கும். பாட்டன் வாங்கியது, தகப்பன் கட்டியது, பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டதால் இன்று விலைக்கு வருகிறது. கேட்பதற்குத் துயரமான கதைதான். ஆனால் ஒன்றை விற்பதென்றால், முதலில் அது நமக்கு உடைமையாக இருக்க வேண்டும் அல்லவா? நோர்வூட்டைச் சுற்றியுள்ள மலைகளில் பல தலைமுறைகளாக உழைத்து வாழ்ந்த எம்மவரில் மிகப் பெரும்பாலோர் அப்படியொரு விளம்பரத்தைக் கொடுக்க முடியாதவர்களாகவே வாழ்ந்து மறைந்தார்கள். அது எவ்வாறு நேர்ந்தது என்பதே இன்று நாம் பார்க்கப் போகும் வரலாறு.

காணி என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். இலங்கையில் நாம் எந்த நிலத்தையும் காணி என்கிறோம். தமிழகத்தில் அது ஓர் அளவின் பெயர், ஏறத்தாழ 1.32 ஏக்கர். சோழர் காலக் கல்வெட்டுகளில் அது உரிமையின் பெயருமாகும். வழிவழியாக வரும் நிலவுரிமையைக் காணி என்றார்கள். அந்த உரிமையை விற்கலாம். கோயிலுக்கு எழுதி வைக்கலாம். விற்கும்போது நான்கு எல்லைகளையும் சொல்லி, மேல்நோக்கி வளர்ந்த மரங்களையும் கீழ்நோக்கித் தோண்டிய கிணறுகளையும் சேர்த்துச் சொல்லிக் கல்லில் வெட்டினார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய உறுதிகளில் வரும் வான்பயிர், செய்பயிர் என்னும் சொற்கள் அந்த மரபை நமக்கு நினைவூட்டுகின்றன. ஆக, நிலத்தை விற்கவும் வாங்கவும் எழுதி வைக்கவும் நன்கு அறிந்த ஒரு சமூகத்திலிருந்துதான் மலையக மக்களின் முன்னோர் கடல் கடந்து வந்தார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த மலைநாட்டில் அப்போது ஒரு மாபெரும் காணி விற்பனை நடந்துகொண்டிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடுகளும் தரிசு நிலங்களும் முடிக்கு உரியவை என்று கொள்ள வழிசெய்தது. கண்டி இராச்சியத்துக் கிராமத்தவர்கள் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வழங்கிவந்த நிலங்கள் பலவற்றுக்கு எழுத்தில் உறுதி ஏது? கோப்பி பயிரிட வந்தவர்களுக்கு ஏக்கர் ஒன்று 5 சிலிங் என்ற அடிப்படை விலையில் காணி கிடைத்தது. 1844இல் அது 1 பவுணாக உயர்ந்தது. வாங்கியவர்களுள் தேசாதிபதி ஸ்டூவர்ட் மெக்கென்சியும் ஒருவர். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் தந்த அறிஞர் ஜோர்ஜ் டேர்னரும் ஒருவர். விற்ற அரசாங்கத்தின் அதிகாரிகளே வாங்குவோர் வரிசையிலும் நின்றார்கள். இந்த விற்பனையில் சிங்களக் குடியானவன் தன் பின்நிலத்தை இழந்தான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இவ்வாறு வாங்கப்பட்ட காணியின் வழியே எழுந்த ஒரு குடும்பத்தின் கதை நோர்வூட்டுக்கு அண்மையில் வந்து முடிகிறது. ஹட்டனிலிருந்து வரும் பாதை நோர்வூட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று மஸ்கெலியாவுக்கும் மற்றொன்று பொகவந்தலாவைக்கும் செல்கிறது. பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம் என்ற சிறிய தேவாலயம் இருக்கிறது. அதன் வளவில் ஒரு கணவனும் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவரே. மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர்.

கமரன் இலங்கையில் காணி வாங்கினார், கோப்பி போட்டார். அந்த வருமானத்தை நம்பி இங்கிலாந்தில் வைற் தீவிலே குடும்பம் நடந்தது. 1860இல் அங்கே அடுத்தடுத்திருந்த இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக்கி, அதற்கு அவர்கள் வைத்த பெயர் டிம்போலா. நமது திம்புள்ளையின் பெயர்தான் அது. அந்த வீட்டிலிருந்தபடியேதான் ஜூலியா கவிஞர் தெனிசனையும் விஞ்ஞானி டார்வினையும் படம் பிடித்தார். தோட்டங்கள் நட்டத்தில் விழ, 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கே குடிவந்தார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார். வைற் தீவிலுள்ள அந்த வீட்டுக்குப் பிற்காலத்தில் இடிபடும் நிலை வந்தபோது, 1993இல் ஜூலியாவின் பெயரால் ஓர் அறக்கட்டளை எழுந்து அதைக் காப்பாற்றியது. இப்போது அது அருங்காட்சியகம்.

நேயர்களே, கைமாறிப் போன ஒரு வீட்டைக் கூட வரலாறு தேடிச் சென்று மீட்கிறது. காரணம், அந்த வீட்டில் யார் வாழ்ந்தார் என்பதற்குப் பெயரும் உறுதியும் இருந்தன. ஆனால் ஜூலியா இலங்கையில் பிடித்த படங்களைப் பாருங்கள். தெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயர் இருக்கிறது; இங்கே அவர் முன் நின்ற உழைப்பாளிகளில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. பேர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த இலங்கைக் கைந்நூலிலும் இதே நிலைதான். தோட்டத்தின் பெயர், உடைமையாளர் பெயர், துரையின் பெயர், மொத்த ஏக்கர், பயிரிட்ட ஏக்கர் எல்லாம் அதில் உண்டு. அந்த ஏக்கர்களில் காடு வெட்டிக் கான் வெட்டியவர்கள் பெயருக்கு அதிலே இடமில்லை.

அவர்கள் குடியிருந்தது லயம். 10 அடிக்கு 12 அடி என்று சொல்லப்படும் காம்பிரா, முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. தோட்டம் விலைப்படும்போது பங்களாவும் தொழிற்சாலையும் லயமும் ஒரே சொத்துக் கணக்கில் ஏறின. காணி உறுதியால் கைமாறியது என்றால், மனிதர்கள் துண்டால் கைமாறினார்கள். இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இன்ன கங்காணியின் ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். 1921இல்தான் சட்டம் இந்த முறையை ஒழித்தது.

இதற்கிடையில் உடைமையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலைகளை மூடியது. நொடித்துப் போனவர்களின் தோட்டங்களைக் கம்பனிகள் வாங்கின. 1890இல் தோமஸ் லிப்டன் ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். ஒவ்வொரு விற்பனையிலும் துரை மாறினார்; லயத்துக் குடும்பம் அதே காம்பிராவில் இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அந்தக் குடும்பம் நாடற்றதாயிற்று. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. பெட்டி கட்டியவர்கள் புறப்படுமுன் எதை விற்றார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மாட்டை விற்றிருக்கலாம், அண்டா குண்டாவை விற்றிருக்கலாம். மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீட்டை விற்க முடியாது. அதன் பின்னால் தாம் போட்ட மரக்கறித் தோட்டத்தையும் விற்க முடியாது.

பிறகு 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. தனியார் ஒருவர் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. உள்ளவனுக்கு உச்சவரம்பு விதித்த அந்தச் சட்டம், இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு ஒரு பேர்ச்சஸையும் உறுதி செய்யவில்லை. மாறாக, தோட்டக் காணிகள் வெளியாருக்குப் பங்கிடப்பட்டபோது, அங்கே வேலையும் இருப்பிடமும் கொண்டிருந்தவர்கள் வெளியேற வேண்டிய நிலை வந்தது. 1977இல் 7,000 ஏக்கரைப் பங்கிடும் முயற்சியை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டனர். அவ்வாண்டு மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். தன் பெயரில் ஒரு முழம் காணியும் இல்லாத ஒரு சமூகத்தின் மகன் காணிக்காக உயிரைக் கொடுத்தார் என்பதை மலையகம் நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும்.

இந்த வரலாற்றுக்கு இலக்கியத்தில் பெயர் சூட்டியவர் மடக்கொம்பரையில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். அவருடைய நாவலின் பெயர் 'வீடற்றவன்'. கூரை இருந்தும் ஒருவன் வீடற்றவனாக இருக்க முடியும் என்பதை மலையகத்தைப் போல் உணர்ந்த மண் வேறில்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்தால்தான் காம்பிரா தங்கும் என்ற அச்சம் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது. தமிழாசிரியன் என்ற முறையில் நான் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். கடிதம் எழுதும் பயிற்சியில் முகவரி எழுதச் சொன்னால், தோட்டத்துப் பிள்ளை தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அதற்கு மேல் எழுத வீட்டு இலக்கம் இல்லை. கடிதம் போய்ச் சேர்வது தோட்டத்து ஒபிசுக்கு.

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்த்தன. காணிச் சிக்கல் அதோடு தீரவில்லை. 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. பின்னர் நீண்டகாலக் குத்தகையும் எழுதப்பட்டது. நோர்வூட் பங்களா உட்படப் பழைய துரை பங்களாக்கள் சில 2005 முதல் உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளாயின. தொழிலாளர் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் தனிவீடும் என்ற திட்டம் 2015இன் பின்னரே வேகம் பெற்றது. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் திரண்ட மக்கள் முன்னிலையில், மேலும் 10,000 வீடுகளைக் கட்ட இந்தியா உதவும் என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தபோதும் காணியுரிமை அவர்களின் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது.

7 பேர்ச்சஸ் என்றால் எவ்வளவு? ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். ஆகவே ஓர் ஏக்கரில் 22 குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். பாரதியார் பராசக்தியிடம் வேண்டிய ஒரு காணியைத் தமிழக அளவில் கொண்டால், அதில் 30 குடும்பங்களை வைக்கலாம். ஏக்கர் 5 சிலிங்குக்கு ஆயிரக்கணக்கில் விற்கப்பட்ட மலையில், அதைத் திருத்தியவனின் வாரிசுக்கு இவ்வளவுதான். சிறிய துண்டே என்றாலும், நான்கு எல்லை சொல்லி ஒரு தாயின் பெயரில் எழுதப்படும்போது அது சோழர் கல்வெட்டுச் சொன்ன பொருளில் காணியாகிறது. கம்பளைக்கு அருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே நூதனசாலையாக்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். லயம் நூதனசாலையில் இருக்க வேண்டியதே தவிர, பிள்ளை படுத்துறங்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

காணி கிடைத்தால் இவர்கள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று சொல்வோர் உண்டு. சிலர் விற்கலாம். மகளின் படிப்புக்காக ஒருவர் ஈடு வைக்கலாம். பட்டணத்தில் வேலை கிடைத்த மகனோடு போவதற்காக இன்னொருவர் விளம்பரம் கொடுக்கலாம். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் மற்றவர்கள் செய்வது அதைத்தானே? "இது எங்கள் பாட்டி இருந்த வீடு, விற்க மாட்டோம்" என்று ஒரு குடும்பம் சொல்லும் பெருமையும், விற்கும் உரிமை கையில் இருந்தால்தான் வரும்.