ஒரு பயிற்றுநரைத் தடுத்த ஞாயிற்றுக்கிழமை

2017 நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் தெற்கே, டெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரில் ஒரு செய்தி கசிந்தது. டெனசி பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு கிரெக் ஷியானோ என்பவர் தலைமைப் பயிற்றுநராக வரப்போகிறார் என்பதே அந்தச் செய்தி. அவரும் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் ஜோன் கர்ரியும் உடன்பாட்டுக் குறிப்பொன்றில் கையெழுத்தும் இட்டிருந்தார்கள். ஆனால் அன்று இரவே அந்த உடன்பாடு கைவிடப்பட்டது. நீதிமன்றமோ அரசோ பல்கலைக்கழகத்தின் ஆளுநர் சபையோ அதைத் தடுக்கவில்லை. ரசிகர்கள் தடுத்தார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தில் பயிற்றுநர் நியமனம் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பெரிய வாக்குவாதமாகிறது. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு கொடுப்பது, போன முறை வந்தவர் ஏன் தோற்றார் என்று வாரக்கணக்கில் கதைப்பார்கள். பணக்கார நன்கொடையாளர்களின் சிறிய விமானங்கள் எந்த ஊருக்குப் பறக்கின்றன என்பதை இணையத்தில் பின்தொடர்ந்து, யாருடன் பேச்சு நடக்கிறது என்று ஊகிப்பவர்களும் உண்டு. இந்த வாக்குவாதங்களில் ஆகப் பிரபலமானது டெனசியுடையதுதான். அதை நான் விரிவாக எழுத நினைப்பதற்குக் காரணம் விளையாட்டு மட்டுமல்ல. நிரூபிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டை ஒரு சனக்கூட்டம் எப்படிக் கையாள்கிறது என்பது எங்களுக்கும் புதிய கேள்வி அல்ல.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்த வேண்டும். இது நாங்கள் உதைபந்தாட்டம் என்று சொல்வது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தலைக்கவசத்தோடு மோதியும் ஆடுகிற ஆட்டம். றக்பியின் உறவுமுறை என்று சொல்லலாம். அடுத்தது, ‘கல்லூரி’ என்றால் எங்களுக்குப் பெரிய பாடசாலைகள்தான் நினைவுக்கு வரும். அங்கே அது பல்கலைக்கழகம். டெனசி அணியின் நெய்லண்ட் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இருக்கலாம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாநகரசபை எல்லைக்குள் வாழ்ந்த அத்தனை பேரையும் கொண்டுபோய் இருத்தினாலும் இடம் மிஞ்சும்.

அவ்வளவு பேர் வந்தால் அவ்வளவு பணமும் வரும். நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமம், பழைய மாணவர்களின் நன்கொடை எல்லாம் சேர்ந்து பெரிய பல்கலைக்கழகங்களில் கால்பந்தை ஒரு தொழிலாக்கிவிட்டன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஆகக்கூடிய சம்பளம் வாங்கும் அரச ஊழியர் மாநில ஆளுநர் அல்ல, அரச பல்கலைக்கழகமொன்றின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்றுநர். ஒப்பந்தம் முடியுமுன் அவரை விலக்கினால் மீதிக் காலத்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். 2017 நவம்பர் 12 அன்று டெனசி விலக்கிய புட்ச் ஜோன்ஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 8 மில்லியன் டொலருக்கு மேல். அப்போது ஆட்டக்காரர்களுக்குச் சட்டபூர்வமாகக் கிடைத்தது புலமைப்பரிசிலும் அதோடு சேர்ந்த செலவுகளும்தான். தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து உழைக்க 2021 ஜூலையில்தான் அவர்களுக்கு வழி திறந்தது. பயிற்றுநர் யார் என்ற சண்டையில் எல்லோரும் பேசினார்கள், அவர் கீழே ஆடப்போகும் பொடியன்களின் குரல்தான் ஆகக் குறைவாகக் கேட்டது.

டெனசி ரசிகர்களின் கோபத்துக்கு வேர் உண்டு. 1998 பருவத்தில் பிலிப் ஃபுல்மர் என்ற பயிற்றுநரின் கீழ் அவர்கள் தேசிய சம்பியன்கள். 2008 இல் அவரை விலக்கியதிலிருந்து இறங்குமுகம். அடுத்து வந்த லேன் கிஃபின் ஒரேயொரு பருவம் இருந்துவிட்டு, 2010 ஜனவரியில் கலிபோர்னியாவில் பெரிய பதவி கிடைத்ததும் போய்விட்டார். அன்றிரவு மாணவர்கள் வீதிக்கு வந்து மெத்தைகளைக் கொளுத்தினார்கள். பிறகு வந்த டெரெக் டூலி மூன்று பருவத்தில் 15 வெற்றி, 21 தோல்வி. புட்ச் ஜோன்ஸ் ஐந்தாவது பருவம் முடியுமுன் போனார். அந்த 2017 பருவம் 4 வெற்றி, 8 தோல்வியுடன் முடிந்தது. தங்கள் பிராந்திய லீக்கில் ஆடிய எட்டு ஆட்டங்களிலும் தோல்வி. ஒரே பருவத்தில் எட்டு ஆட்டம் தோற்றது அணியின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

இதற்கிடையே அவர்களுக்கு ஒரு கனவும் இருந்தது. ஜோன் குருடன் என்ற புகழ்பெற்ற தொழில்முறைப் பயிற்றுநர் இளவயதில் டெனசியில் உதவியாளராக வேலை பார்த்தவர். அவருடைய மனைவியும் அங்கே படித்தவர். ஆகவே அவர் ஒரு நாள் ‘வீட்டுக்கு’ வருவார் என்று வருடக்கணக்கில் வதந்தி ஓடியது. அவர் வரவேயில்லை. மீட்பர் ஒருவருக்காகக் காத்திருந்த சனத்துக்கு முன்னால் ஷியானோவின் பெயர் வைக்கப்பட்டது.

ஷியானோ யார்? நியூ ஜேர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 2001 முதல் 2011 வரை தலைமைப் பயிற்றுநர். நீண்ட காலமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியை நிமிர்த்தியவர். மொத்தக் கணக்கு 68 வெற்றி, 67 தோல்வி. பின்பு தொழில்முறை லீக்கில் தம்பா பே அணியுடன் இரண்டு பருவங்கள், 11 வெற்றி, 21 தோல்வி, அதோடு விலக்கப்பட்டார். 2017 இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு ஆட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தார். மோசமான பயிற்றுநர் அல்ல. மீட்பரும் அல்ல.

ஆனால் அந்த ஞாயிறு வெடித்தது வெற்றி தோல்விக் கணக்கால் மட்டுமல்ல. ஷியானோ 1990 முதல் 1995 வரை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்றுநராக இருந்தார். அதே அணியில் இருந்த ஜெரி சண்டஸ்கி, சிறுவர்களைப் பாலியல் துஷ்பிரயோகம் செய்ததாக 2012 இல் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்டவர். 2016 இல் ஒரு காப்புறுதி வழக்கின் ஆவணங்கள் வெளியாகின. அதில் மைக் மக்குவீரி என்ற முன்னாள் உதவிப் பயிற்றுநரின் சாட்சியம் இருந்தது. 90களின் தொடக்கத்தில் சண்டஸ்கி ஒரு சிறுவனோடு தவறாக நடந்ததை ஷியானோ கண்டார் என்று, ரொம் பிராட்லி என்ற இன்னொரு பயிற்றுநர் தனக்குச் சொன்னதாக மக்குவீரி சொல்லியிருந்தார். பிராட்லி மறுத்தார். ஷியானோவும் மறுத்தார். இதன்பேரில் ஷியானோ மீது எந்த வழக்கும் தொடரப்படவில்லை.

அதாவது, ஒருவர் கண்டதாக இன்னொருவர் சொன்னார் என்று மூன்றாமவர் சொன்னது. அந்த ஞாயிறு டெனசி வளாகத்தில், மாணவர்கள் வழமையாக வாழ்த்தும் கிண்டலும் எழுதும் பெரிய பாறை ஒன்றில் இது ஓர் உறுதியான உண்மையாகவே வர்ணத்தில் எழுதப்பட்டது. மாநில சட்டமன்ற உறுப்பினர்களும் தேர்தலில் நிற்க இருந்தவர்களும் சமூக ஊடகங்களில் எதிர்ப்பை எழுதினார்கள். சனம் வளாகத்தில் கூடியது. பல்கலைக்கழகம் பின்வாங்கியது. மறுநாள் பணிப்பாளர் அறிக்கை விட்டார்: நாங்கள் ஷியானோவின் பின்னணியை விசாரித்தோம், சண்டஸ்கி விவகாரத்தை ஆராய்ந்து 2012 இல் வெளியான லூயி ஃப்ரீ அறிக்கையில் அவர் பெயரே இல்லை, அதற்காக விசாரிக்கப்பட்ட 400 க்கும் மேற்பட்டோரில் அவர் ஒருவரும் அல்ல என்பது அதன் சாரம். நியாயமான விளக்கம்தான். ஒரு நாள் பிந்தி வந்தது.

அந்தக் கூட்டத்துக்குள் மூன்று வகையினர் இருந்தார்கள் என்று நினைக்கிறேன். சிறுவர்களுக்கு நடந்த கொடுமையை உண்மையாகவே நினைத்து வயிறெரிந்தவர்கள் ஒரு பகுதி. தங்களிடம் கேளாமல், மூடிய கதவுக்குப் பின்னால் சில பணக்காரர்களும் பணிப்பாளரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள் என்று கொதித்தவர்கள் இன்னொரு பகுதி. மூன்றாவது பகுதிக்கு 68-67 என்ற கணக்குத்தான் பிரச்சினை, குற்றச்சாட்டு கைக்கு எட்டிய தடி. யார் எந்தப் பகுதி என்று பிரித்துப் பார்க்க முடியாது. பலர் ஒரே ஆளாக மூன்றாகவும் இருந்திருப்பார்கள்.

தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நிறுத்தப்பட்ட அனுபவம் எங்கள் ஊர்களுக்கு உண்டு. முகத்தை மூடியவன் ஒரு தடவை தலையசைத்தால் போதும், அதற்கு மேல் கேள்வி இல்லை. அதனால் அந்தப் பாறையில் எழுதியிருந்ததை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அதேநேரம் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்ற ஒரே சொல்லால் எத்தனை தாய்மாரின் முறைப்பாடுகள் கோப்புக்குள் மூடப்பட்டன என்பதையும் நாங்கள் அறிவோம். பென்சில்வேனியாவிலும் அப்படித்தான் நடந்தது. மேலதிகாரிகளின் காதுக்கு எட்டிய பிறகும் வருடக்கணக்கில் சண்டஸ்கி வெளியே நடமாடினார். அந்த வரலாற்றை அறிந்த ஒருவர், ‘இவருக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பதைக் கூட்டத்தின் வெறி என்று தள்ளிவிட முடியாது. கேட்கலாம், கேட்க வேண்டும். பதில் வருமுன் கல்லில் தீர்ப்பு எழுதுவதுதான் பிழை. பல்கலைக்கழகத்தின் பிழை அதற்கு முந்தியது. 2016 இலேயே பகிரங்கமான ஒரு விடயம் எழும்பும் என்று தெரிந்திருந்தும், நியமனத்தோடு சேர்த்து அதற்கான பதிலையும் முன்வைக்க அவர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை.

எங்கள் பாடசாலைகளில் அதிபர் மாற்றம் வரும்போது பழைய மாணவர் சங்கங்களுக்குள் நடக்கும் இழுபறியைக் கண்டவர்களுக்கு மிச்சக் கதை ஆச்சரியமாக இராது. அந்த வாரம் முழுக்க டெனசி ஆள் தேடியது. பேச்சு அடிபட்ட பயிற்றுநர்கள் சிலர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்கள். டிசம்பர் 1 அன்று பணிப்பாளர் கர்ரி பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார். பிறகு 2.5 மில்லியன் டொலர் கொடுத்து அவருடைய கணக்கு முடிக்கப்பட்டது. அதே நாளில் அவருடைய கதிரைக்கு வந்தவர் பழைய சம்பியன் பிலிப் ஃபுல்மர். ரசிகர்கள் கொண்டாடினார்கள். தங்கள் ஆள் வந்துவிட்டார் அல்லவா.

ஃபுல்மர் கொண்டுவந்தவர் ஜெரமி புரூயிற், அலபாமா அணியின் தற்காப்புப் பொறுப்பாளர். மூன்று பருவங்களில் 16 வெற்றி, 19 தோல்வி. அது சிறிய பிரச்சினை. புதிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கும்போது அவர்களின் குடும்பங்களுக்கு விதிக்கு மாறாகப் பணமும் சலுகையும் கொடுக்கப்பட்டது வெளியில் வந்தது. 2021 ஜனவரியில் புரூயிற் விலக்கப்பட்டார், ஃபுல்மரும் ஓய்வுபெறுவதாக அறிவித்தார். 2023 ஜூலையில் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் டெனசிக்கு 8 மில்லியன் டொலருக்கு மேல் தண்டமும் ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. சனத்துக்குப் பிடித்தவர் நியமித்தார் என்பதால் நியமனம் சரியாகிவிடவில்லை.

புதிய பணிப்பாளர் டனி வைற் 2021 இல் தன் பழைய பல்கலைக்கழகத்திலிருந்து ஜோஷ் ஹைப்பலைக் கூட்டிவந்தபோது அவ்வளவு ஆரவாரம் இருக்கவில்லை. கிட்டத்தட்டச் சலிப்போடுதான் வரவேற்றார்கள். 2022 ஒக்டோபர் 15 அன்று அதே அணி அலபாமாவை 52-49 என வென்றது. 2006 க்குப் பிறகு அலபாமாவுக்கு எதிராகக் கிடைத்த முதல் வெற்றி. சனம் மைதானத்துக்குள் இறங்கி, கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் டெனசி ஆற்றில் எறிந்தது.

குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலும் ரசிகர்கள் ஒரு நியமனத்தைக் கவிழ்க்கலாம். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை விலக்கியது. அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது 75 மில்லியன் டொலருக்கு மேல். அடுத்து கென்ரக்கியின் மார்க் ஸ்ரூப்ஸ் வருகிறார் என்ற செய்தி ஒரு சனிக்கிழமை இரவு பரவியது. ரசிகர்கள் கொதித்தார்கள், விடியுமுன் அவர் கென்ரக்கியிலேயே இருப்பதாக அறிவித்தார். மைக் எல்கோ நியமிக்கப்பட்டார். எல்லாம் இரண்டு நாளுக்குள்.

ஷியானோவுக்கு என்ன ஆனது? 2019 இல் ரட்கர்ஸ் 2 வெற்றி, 10 தோல்வி என்ற நிலையில் கிடந்தது. அவரைத் திரும்பக் கூப்பிடப் பேச்சு நடந்து, நவம்பர் 24 அன்று முறிந்தது. இம்முறையும் ரசிகர்கள் கொதித்தார்கள், நன்கொடையாளர்களும் அரசியல்வாதிகளும் சேர்ந்து கொதித்தார்கள். அவரை ஏன் எடுக்கவில்லை என்பதுதான் இங்கே கேள்வி. அதே மனிதர், அதே சாட்சியம், அதே மறுப்பு. இரண்டு வருடம்தான் கடந்திருந்தது. ரட்கர்ஸ் ரசிகர்கள் 2001 முதல் அவரை நேரில் கண்டவர்கள், டெனசிக்காரர் ஒரு செய்தியில் கண்டவர்கள் என்பதை இதற்கு ஒரு பகுதி விளக்கமாக ஏற்கலாம். முழு விளக்கமாக ஏற்க எனக்குத் தயக்கம். ஒரு வாரத்தில் பல்கலைக்கழகம் மறுபடி மேசைக்கு வந்தது. டிசம்பர் 1 அன்று 8 வருடத்துக்கு 32 மில்லியன் டொலர் என்று உடன்பாடானது. 2023 டிசம்பர் 28 அன்று நியூ யோர்க்கின் யாங்கி மைதானத்தில் அவருடைய அணி மயாமியை 31-24 என வென்றது.