மெல்லிய கையின் வெற்றி

பிறவியிலேயே பாதம் உட்புறம் மடங்கித் திரும்பியிருக்கும் குறையைக் கோணற்கால் என்கிறோம். ஏறக்குறைய ஆயிரம் மகவுகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. இதைத் திருத்த முற்பட்ட மருத்துவத்தின் வரலாறு, வலிய கையினின்று மெல்லிய கைக்குத் திரும்பிய வரலாறாகும்.

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை முதலிய கேரள எல்லையூர்களிலிருந்து தொலைவில் அல்லாத நெய்யூரில், 1838-ல் மேனாட்டு மருத்துவப் பணி தொடங்கியது. எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற டாக்டர் சாமர்வெல், அங்கே பல்லாண்டுகள் அறுவை மருத்துவராக விளங்கினார். பின்னர் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். அவருக்கு முன்பே, 1946-ல், அக்கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்டு. இவர் 1914-ல் பிறந்தது நம் கொல்லிமலையில்.

கோணற்காலை அழுத்தித் திருத்தும் முறையை இவர் லண்டனில் கற்றிருந்தார். வேலூரிலோ, சிகிச்சையே பெறாது வளர்ந்தவர்களின் பாதங்களைத் தொட்டு வியப்புற்றார். அவை வடிவில் கோணலாயினும் இளக்கம் உடையனவாக இருந்தன. லண்டனில் திருத்தப்பெற்றவையோ நேராயினும், உள்ளே தழும்பேறி விறைத்திருந்தன. வன்மையே தழும்பை விளைத்தது என்று அவர் தெளிந்தார். அதன்பின், பசித்த குழந்தையைத் தாய்மடியில் பாலருந்தச் செய்து, பாதத்தை மெல்லத் திருப்பினார். குழந்தை பாலை விட்டு அழுதால், அளவு மீறிற்று என்பது பொருள்.

அதே 1914-ல் ஸ்பெயின் நாட்டில் பிறந்த பொன்செட்டியும் அமெரிக்காவில் இவ்வுண்மையையே கண்டார். அறுவை செய்யப்பெற்ற பாதங்கள் விறைத்துப் போவதை ஆராய்ந்து, வாரந்தோறும் மாற்றும் மாவுக்கட்டு முறையை வகுத்து, 1963-ல் அதன் பயன்களை வெளியிட்டார். பெரும்பாலும் குதிகாலின் பின்புறத் தசைநாணை வெட்டினால் போதும். ஆயினும் மருத்துவ உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. 1970-களில் மூட்டுகளை விரிவாகத் திறக்கும் அறுவையே பரவிற்று. தழும்பு, விறைப்பு, மிகைத் திருத்தம், மறு அறுவை ஆகியன அதன் பின்விளைவுகள். பொன்செட்டியிடம் சிகிச்சை பெற்றோரை முப்பதாண்டுக்குப் பின் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 78 பேரின் பாதங்கள் நன்னிலையில் இருந்தன. இம்முடிவு 1995-ல் வெளிவந்தது. இன்று உலகெங்கும் இதுவே முதற்சிகிச்சை.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் மாறும் நம்மவர் ஒன்றைக் கருத வேண்டும். கட்டு அவிழ்ந்ததும் சிகிச்சை முடிவதில்லை. நான்கு வயது வரை குழந்தை இரவில் தாங்கு காலணி அணிய வேண்டும். இடையில் நிறுத்தினால் கோணல் மீளும், கத்தியும் தேவைப்படலாம். மெல்லிய கைக்குத் துணை, பெற்றோரின் பொறுமையே.