சீனன்குடாவின் கடிகாரங்களும் கணினியின் கால எண்ணும்

திருகோணமலை உட்துறைமுகத்துக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அமைந்த சீனன்குடா, பிரித்தானிய ஆட்சியின் பிற்பகுதியில் எண்ணெய்க் குதங்களும் விமானத்தளமும், கல்லோயாச் சந்தியிலிருந்து 1927இல் திறக்கப்பட்ட திருகோணமலைப் புகையிரதப் பாதையும் ஒருங்கே வந்து சேர்ந்த இடமாகும். எண்ணெய் இறக்குவோரும் விமானம் செலுத்துவோரும் புகையிரதம் ஓட்டுவோரும் நாள்தோறும் நேரத்தை எழுதி வைத்தே தொழில் செய்தனர். அவ்வாறு எழுதப்பட்ட நேரம், அதை அளந்த கடிகாரம் இன்னதென்று தெரிந்தால் மட்டுமே பொருள்படும் என்பதும், ஒரு நாடு தன் கடிகாரத்தை மாற்றும்போது பழைய பதிவேடுகளின் பொருளும் ஆபத்துக்கு உள்ளாகிறது என்பதும் இவ்வூரின் வரலாற்றில் தெளிவாகக் காணக்கூடியவை. கணினி இயங்குதளங்கள் இன்று எதிர்கொள்ளும் நேரமுத்திரைச் சிக்கலும், அதாவது ஒரு நிகழ்வு நடந்த கணத்தைக் குறிக்கக் கணினி பொறிக்கும் எண்ணின் வடிவத்தைப் பழைய நிரல்கள் பழுதுபடாமல் மாற்றுவது எவ்வாறு என்னும் சிக்கலும், அடிப்படையில் இதே கேள்விதான்.

சூரியனை மட்டும் கொண்டு கணக்கிட்டால் சீனன்குடாவின் நேரம் கிறீனிச் நேரத்துக்கு ஏறத்தாழ 5 மணி 25 நிமிடம் முன்னதாகவும், கொழும்பின் நேரம் 5 மணி 19 நிமிடம் 24 விநாடி முன்னதாகவும் இருக்கும். உலகின் பெரும்பாலான கணினிகள் பயன்படுத்தும் கால வலயத் தரவுத்தளத்தின்படி, இலங்கையில் 1880 முதல் மொறட்டுவைச் சராசரி நேரமாகிய 5 மணி 19 நிமிடம் 32 விநாடி வழங்கிவந்தது. 1906இல் அது கைவிடப்பட்டு, கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட 5 மணி 30 நிமிடம் வந்தது. கோயில் காரியங்களுக்குப் பயன்பட்ட பஞ்சாங்கம் இந்த மாற்றத்தால் குழம்பவில்லை. அது நாழிகையைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணியதால், அரசு தன் கடிகார முள்ளை எங்கே வைத்தாலும் கணக்கின் தொடக்கம் நகரவில்லை. மாறாத ஒரு தொடக்கத்திலிருந்து எண்ணி வைத்துக்கொண்டு, மக்கள் பார்க்கும் மணியை அதிலிருந்து பிறகு பெறுவது என்னும் இம்முறையே பின்னாளில் கணினியின் முறையும் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரில் இலங்கையின் கடிகாரம் 1942 ஜனவரி 5இல் அரை மணி நேரமும், அதே ஆண்டு செப்டெம்பரில் மேலும் அரை மணி நேரமும் முன்தள்ளப்பட்டு, 1945 அக்டோபரிலேயே பழைய நிலைக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை, நகுமோவின் தலைமையில் வந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பற்படை திருகோணமலையையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியது. அன்று இலங்கைக் கடிகாரம் கிறீனிச்சுக்கு 6 மணி முன்னதாக இருந்தது. ஜப்பானியக் கடற்படையோ உலகின் எந்தக் கடலில் இருந்தாலும் தோக்கியோ நேரத்தையே, அதாவது 9 மணி முன்னதான நேரத்தையே கைக்கொண்டது. ஆகவே ஒரே நிகழ்வு இரு தரப்புப் பதிவேடுகளிலும் மூன்று மணி நேர இடைவெளியுடன் காணப்படுவது இயல்பு. எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பது பதிவோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை அக்காலக் கடற்படைச் சமிக்ஞையாளர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். கிறீனிச் நேரத்தைக் குறிக்க அவர்கள் நேரத்தின் பின்னால் இசட் என்னும் எழுத்தை இட்டது அதற்காகவே. அந்த எழுத்து இல்லாத இடங்களில் வரலாற்றாசிரியருக்குப் பெரும் தொல்லை உண்டு. சீனன்குடாவில் காலை 8 மணி என்று எழுதப்பட்ட ஒரு குறிப்பு, 1939இல் கிறீனிச் 2.30 மணியையும், தாக்குதல் நடந்த ஏப்ரலில் 2 மணியையும், 1944இல் 1.30 மணியையும் குறிக்கும்.

அரை நூற்றாண்டு கழித்து இந்தக் குழப்பம் வேறு வடிவில் திரும்பியது. வறட்சியால் நீர்மின் நிலையங்களின் உற்பத்தி குன்றி மின்வெட்டு நீடித்த 1996இல், மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நோக்குடன் மே 25 நள்ளிரவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அக்டோபர் 26 அதிகாலை 12.30க்கு அது அரை மணி நேரம் பின்னிழுக்கப்பட்டு 6 மணி என்ற வேறுபாட்டில் நின்றது. தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் 5.30இலேயே தொடர்ந்தன. திருகோணமலை மாவட்டத்தில் இதன் விளைவு கண்ணெதிரே இருந்தது: சீனன்குடா அரசின் கையில் இருக்க, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூரை அண்டிய பகுதி புலிகளின் கையில் இருந்தமையால், ஒரே குடாவின் இரு கரைகளிலும் இரண்டு நேரங்கள் செல்லுபடியாயின. 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்த நாள் அதிகாலை 12.30க்கு, அரசு மீண்டும் 5.30க்குத் திரும்பியபோது இரு நேரங்களும் ஒன்றாயின. போர் அதற்குப் பின்னரும் மூன்றாண்டுகள் நீடித்தது.

இந்த மாற்றங்களை எழுத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் விசித்திரம் புலப்படும். 1996 மே 25இல் நள்ளிரவு 12 முதல் 1 மணி வரையான நேரம் இலங்கைக் கடிகாரத்தில் நிகழவே இல்லை. 2006 ஏப்ரல் 15இல் 12 முதல் 12.30 வரையான அரை மணி இரு முறை நிகழ்ந்தது. அந்த அரை மணிக்குள் 12.15 என்று எழுதப்பட்ட பதிவு எந்த 12.15 என்பதை, அந்தப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் கூற முடியாது.

கணினிகள் இச்சோதனையை இருவேறு விதமாக எதிர்கொண்டன. ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பின்னர் பால் எகர்ட் பேணிவந்த கால வலயத் தரவுத்தளம், ஆசியா/கொழும்பு என்ற பெயரின் கீழ் ஒவ்வொரு மாற்றத்தையும் அதன் நாளோடு ஒரு வரியாகச் சேர்த்துச் சென்றதேயன்றி, பழைய வரியை அழிக்கவில்லை. ஆகவே 2003ஆம் ஆண்டின் ஒரு பதிவை இன்று திறந்தாலும் அன்றைய 6 மணி வேறுபாட்டிலேயே அது காட்டப்படும். புலிகளின் பகுதியில் வாழ்ந்தோருக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. 1970க்குப் பின் அவர்களுடைய நேரம் இந்திய நேரத்துடன் மாறாது ஒத்திருந்ததால் அவர்கள் இந்தியாவுக்குரிய பெயரையே பயன்படுத்தலாம் என்று 2006இல் எகர்ட் குறித்து வைத்தார். அந்த இந்தியப் பெயர் கல்கத்தா என்பதிலிருந்து கொல்கத்தா என்று பின்னர் மாற்றப்பட்டபோதும், பழைய பெயரைக் கேட்கும் நிரல்களுக்காக அதுவும் மாற்றுப்பெயராக விட்டுவைக்கப்பட்டது.

அக்காலத்தில் அலுவலகங்களில் பரவலாக இருந்த விண்டோஸ் எக்ஸ்பி வேறு வழியில் சென்றது. அது கோப்பின் நேரத்தை உலக நேரத்தில் சேமித்தாலும், காட்டும்போது இன்றைய வேறுபாட்டை எல்லாப் பழைய நாள்களுக்கும் பொருத்தியது. அதன் விளைவாக 2006இல் அமைப்பை மாற்றிய கணினியில், மாற்றத்துக்கு முந்தைய ஒன்பதரை ஆண்டுக் கோப்புகள் அனைத்தும் அரை மணி நேரம் முன்னதாக எழுதப்பட்டவை போலத் தோன்றின. நெகிழ்வட்டுகளிலும் யூஎஸ்பி நினைவகங்களிலும் பயன்பட்ட ஃபாட் கோப்பு முறையின் குறை இன்னும் ஆழமானது. அது சுவர்க் கடிகார மணியை மட்டும், எந்த ஊர் மணி என்ற குறிப்பின்றிச் சேமித்தது. எனவே கொட்டியாரக் குடாவின் அரசுக் கரையில் எழுதப்பட்ட கோப்பு புலிகளின் கரையிலுள்ள கணினியில், சற்று முன் எழுதப்பட்டதாயின், எதிர்காலத்தில் பிறந்ததாகத் தெரியும். இசட் எழுத்தை இட மறந்த போர்க்காலக் குறிப்பேட்டின் குறைதான் இது.

யுனிக்ஸ் இயங்குதளம், மாறாத தொடக்கத்திலிருந்து எண்ணும் சரியான வழியைத் தேர்ந்தும், வேறொரு தவறில் சிக்கியது. 1971இல் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் வெளியிட்ட முதற் பதிப்பு, அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து விநாடியின் அறுபதில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணியது. 32 பிட் எண்ணில் அது 829 நாள்களுக்குள் நிரம்பிவிடும் என்பதால், முழு விநாடியை அலகாகவும் 1970 ஜனவரி 1 கிறீனிச் நள்ளிரவைத் தொடக்கமாகவும் கொள்ளும் முறை பின்னர் நிலைபெற்றது. சீனன்குடாவின் கடிகாரத்தில் அத்தொடக்கம் அதிகாலை 5.30 மணியாகும். நேர்மறையும் எதிர்மறையும் கொண்ட 32 பிட் எண் 2,147,483,647 வரையே செல்லும். அந்த எல்லை 2038 ஜனவரி 19ஆம் நாள், தைப்பொங்கல் கழிந்த சில நாள்களில், இலங்கை நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு வருகிறது. அடுத்த விநாடியில் எண் எதிர்மறையாகி 1901 டிசம்பருக்குத் தாவும். இலங்கைக்கு அமைக்கப்பட்ட கணினி அப்போது மொறட்டுவை நேரப்படி டிசம்பர் 14 அதிகாலை 2 மணி 5 நிமிடம் 24 விநாடியைக் காட்டக்கூடும்.

எண்ணை 64 பிட்டுக்கு அகட்டினால் தீருமே என்று தோன்றலாம். தடை பழைய நிரல்களில் உள்ளது. ஒரு நிரல் தொகுக்கப்படும்போது நேரத்துக்காக நான்கு பைட் இடம் ஒதுக்கிக்கொள்கிறது. இயங்குதளம் திடீரென எட்டு பைட் எழுதினால், அடுத்துள்ள நான்கு பைட்டில் இருந்த வேறொரு தரவு அழியும். பல தரவுகளை அடுக்கி வைத்த கட்டமைப்பாயின் நேரத்துக்குப் பின்னுள்ள ஒவ்வொன்றின் இடமும் பிசகும். மூலநிரல் கைவசமில்லாத, எழுதிய நிறுவனமே மூடப்பட்டுவிட்ட நிரல்களுக்கு இதனால் மீட்சியே கிடையாது.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் இத்தடையை வெவ்வேறு விதமாகக் கையாண்டன. ஓப்பன்பிஎஸ்டி 2014இல் வெளிவந்த 5.5ஆம் பதிப்பில் பழைய நிரல்களைக் கைவிட்டு, யாவற்றையும் மீண்டும் தொகுக்கச் செய்தது. நெட்பிஎஸ்டி அதற்கு முன்பே, 2012இல், புதிய அழைப்புகளைச் சேர்த்துப் பழையவற்றையும் காத்தது. அழைப்பு என்பது நிரல் இயங்குதளத்திடம் ஒரு சேவையைக் கோரும் வாயில். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. லினக்ஸும் நெட்பிஎஸ்டியின் வழியையே பின்பற்றியது: 32 பிட் இன்டெல் கணினிகளில் நேரம் கேட்கும் 265ஆம் அழைப்பு அப்படியே இருக்க, அதன் 64 பிட் வடிவம் 2019இல் 403ஆம் எண்ணில் வந்தது. ஆர்ன்ட் பெர்க்மன் முன்னின்று பல ஆண்டுகள் நடத்திய இப்பணி 2020இன் 5.6ஆம் பதிப்பில் பெரும்பாலும் நிறைவுற்றது. அடுத்த ஆண்டு குனூ சி நூலகம், நிரலாளர் விரும்பிக் கேட்டால் மட்டும் 64 பிட் நேரத்தைத் தரும் வசதியைச் சேர்த்தது. இரு வாயில்களையும் அருகருகே வைத்திருப்பது பராமரிப்போருக்குச் சுமைதான்; ஆனால் அச்சுமையை ஏற்காவிட்டால் அது பயனரின் தலையில் விழும் என்பதால், லினக்ஸ் தேர்ந்த வழியே நேர்மையானது.

நிரலும் அது சார்ந்த நூலகமும் வெவ்வேறு அளவு நேரத்தைக் கருதினால் முன் சொன்ன பிசகு இயங்குதளத்துக்கு வெளியிலும் நிகழும். அதனால் லினக்ஸ் வெளியீடுகளுள் ஒன்றான டெபியன் 2024இல் நூற்றுக்கணக்கான நூலகப் பொதிகளுக்குப் பெயர் மாற்றி, பழையதும் புதியதும் தவறியும் கலவாதபடி மீண்டும் தொகுத்தது. பழைய 32 பிட் இன்டெல் பிரிவை மட்டும் அது மாற்றவில்லை. அப்பிரிவின் எஞ்சிய பயனே பழைய நிரல்களை இயக்குவது என்பதால், அவற்றுக்குரிய பழைய நேரமே அங்கு விடப்பட்டது.

இவ்வளவு பணிக்குப் பின்னும் எஞ்சுவன, யாரும் கணினி என்று எண்ணாத சிறு கருவிகள்: எண்ணெய் மட்டம் அளப்பவை, கடல்மட்டம் பதிபவை, கதவு காப்பவை, மின்சாரம் அளப்பவை. இவற்றுள் இப்போது வாங்கப்படும் பல 2038இலும் பணியில் இருக்கும். ஆகவே துறைமுகத்துக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் மருத்துவமனைக்கும் கருவி வாங்குவோர், அதன் நேர எண் எத்தனை பிட் என்பதையும், 2038க்கு அப்பாலான நாளை வைத்து அது சோதிக்கப்பட்டதா என்பதையும் கொள்முதல் ஆவணத்திலேயே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.