எட்சாக்: கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகத்தின் முதல் கணினி

1949 மே 6 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஓர் இயந்திரம் 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களைக் கணக்கிட்டு அச்சிட்டுக் கொடுத்தது. அதற்கு 2 நிமிடம் 35 நொடி ஆயிற்று. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் மனக்கணக்காகவே போடக்கூடிய வேலைதான். ஆனால் அந்த இயந்திரம் தன் நினைவகத்தில் வைத்திருந்த கட்டளைகளைத் தானே ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து அதைச் செய்தது. அதன் பெயர் எட்சாக்.

இப்படி நிரலை நினைவகத்தில் வைத்து இயங்கிய முதல் கணினி எட்சாக் அல்ல. 1948 ஜூன் 21 அன்றே மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய சோதனைக் கணினி அதைச் செய்து காட்டிவிட்டது. எனினும், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்கைக் கொண்டுவந்து விடையை வாங்கிச் செல்லும் அளவுக்கு முழுமையாகப் பயன்பட்ட முதல் கணினி என்று எட்சாக்கைத்தான் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகம் 1937இல் தொடங்கப்பட்டது. இயற்பியல், வேதியியல், பொறியியல் துறையினருக்குத் தேவையான எண் கணிப்புகளுக்கு உதவுவதே அதன் நோக்கம். கையால் சுழற்றும் கணக்கிடும் பொறிகளும், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் இயந்திரமும் அங்கே இருந்தன. என் தலைமுறை ஆசிரியர்கள் மடக்கை அட்டவணைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள். ஒரு நீண்ட பெருக்கலில் நடுவில் ஓர் இலக்கம் தவறினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். அத்தகைய பெருக்கல்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஆய்வகத்தின் தேவை புரியும்.

போர்க்காலத்தில் ரேடார் பணியில் இருந்த மாரிஸ் வில்க்ஸ் 1945இல் திரும்பி வந்து ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். 1946 மே மாதம், அமெரிக்கா சென்று வந்த எல். ஜே. காம்ரி என்பவர் ஓர் அறிக்கையை அவரிடம் ஓர் இரவுக்கு மட்டும் கொடுத்தார். நிரலை நினைவகத்தில் வைக்கும் கணினியைப் பற்றி ஜான் வான் நாய்மன் எழுதிய வரைவு அது. ஒளிநகல் எடுக்கும் வசதி இல்லாத காலம். வில்க்ஸ் இரவு முழுவதும் விழித்திருந்து படித்தார். இனிக் கணினிகள் இந்த வழியில்தான் செல்லும் என்று அப்போதே உறுதி செய்துகொண்டார். அந்தக் கோடையில் ஃபிலடெல்பியாவில் நடந்த கணினி வகுப்புகளுக்கு அழைப்பும் வந்தது. கப்பலில் இடம் கிடைக்காமல் தாமதமாகிக் கடைசி இரண்டு வாரங்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். ஊர் திரும்பும் கப்பலிலேயே எட்சாக்கின் வடிவமைப்பைத் தொடங்கிவிட்டார்.

பெரிய சிக்கல் நினைவகம். ரேடார் பணியில் பழகிய ஒரு முறை இங்கே கைகொடுத்தது. ஏறத்தாழ 5 அடி நீளமுள்ள எஃகுக் குழாயில் பாதரசத்தை நிரப்பினார்கள். ஒரு முனையில் உள்ள குவார்ட்ஸ் படிகம் மின் துடிப்பை ஒலித் துடிப்பாக மாற்றும். அது பாதரசத்தின் வழியே மறுமுனையை அடைய ஆயிரத்தில் ஒரு நொடி ஆகும். அங்குள்ள படிகம் அதை மீண்டும் மின் துடிப்பாக்கும். மின்சுற்று அதைச் சீர்செய்து முதல் முனைக்கே அனுப்பும். துடிப்புகள் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்வரை தகவலும் இருக்கும். தொடக்கத்தில் இருந்தவை 512 சொற்கள். ஒரு சொல்லில் பயன்பட்டவை 17 பிட்டுகள். இன்றைய கணக்கில் மொத்தம் ஒரு கிலோபைட் அளவு. இதற்கு ஏறத்தாழ 3,000 வெற்றிடக் குழாய்கள் தேவைப்பட்டன. வேகம் நொடிக்குச் சுமார் 650 கட்டளைகள்.

இதைவிட வேகமான கணினியை வடிவமைத்திருக்க முடியும் என்பது வில்க்ஸுக்குத் தெரியும். ஆனால் புதுமைகளைத் துரத்திக்கொண்டிருந்தால் இயந்திரம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் முடிய வேண்டும், மற்றத் துறையினர் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர் வகுத்துக்கொண்ட நெறி. என் பார்வையில் இந்த முடிவுதான் எட்சாக்கின் வரலாற்றிலேயே முக்கியமானது. தேநீர்க் கடைகள் நடத்திய லயன்ஸ் நிறுவனம்கூடப் பணமும் ஓர் ஊழியரையும் தந்து உதவியது. பிறகு எட்சாக்கைப் பின்பற்றி லியோ என்ற தன் சொந்தக் கணினியைக் கட்டி, 1951இல் அடுமனைக் கணக்கை அதில் போட்டது.

இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: பிழையில்லாமல் நிரல் எழுதுவது மிகக் கடினம். வில்க்ஸ் எழுதிய தொடக்க கால நிரல்களில் ஒன்று 126 வரிகள் கொண்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதன் துளையிட்ட காகித நாடாவை ஆராய்ந்தபோது சுமார் 20 பிழைகள் கண்டறியப்பட்டன. தன் எஞ்சிய வாழ்நாளில் ஒரு பெரும்பகுதி தன் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது மாடிப்படியில் போகும்போது ஒருநாள் உறைத்ததாக அவரே பின்னர் எழுதினார்.

இதற்குத் தீர்வு தேடியவர்களில் முதன்மையானவர் ஆய்வு மாணவர் டேவிட் வீலர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அவர் எழுதிய 31 தொடக்கக் கட்டளைகள், நாடாவில் எழுத்தாலும் தசம எண்ணாலும் குறித்த நிரலை இயந்திரம் அறியும் இரும வடிவுக்கு மாற்றி நினைவகத்தில் ஏற்றின. ஏ என்றால் கூட்டு, எஸ் என்றால் கழி. நிரல் எழுதுபவர் 0, 1 என்று எழுதித் தவிக்க வேண்டியதில்லை.

அவருடைய அடுத்த பங்களிப்பு துணைநிரல். வர்க்கமூலம் காண்பது போன்ற வேலைக்கு ஒருமுறை எழுதிச் சரிபார்த்த நிரலை எல்லாரும் பயன்படுத்தலாம் அல்லவா? ஆனால் வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது துணைநிரலுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்திலிருந்து அது அழைக்கப்படும். கடைக்கு அனுப்பும் சிறுவனின் சட்டைப் பையில் வீட்டு விலாசத்தை எழுதி வைப்பதுபோல, புறப்பட்ட இடத்தின் முகவரியைத் துணைநிரல் தன்னோடு எடுத்துச் சென்று, திரும்பும் கட்டளையைத் தானே தன் கடைசி வரியில் எழுதிக்கொள்ளும்படி வீலர் செய்தார். 1951க்குள் நூலகத்தில் 87 துணைநிரல்கள் சேர்ந்துவிட்டன. வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் அந்த ஆண்டு வெளியிட்ட நூல், நிரலாக்கம் பற்றி வந்த முதல் பாடநூல். 1953இல் கணினி பற்றிய ஓராண்டுப் பட்டயப் படிப்பும் தொடங்கியது.

பயன்படுத்தியவர்கள் யார்? மரபியலாளர் ஆர். ஏ. ஃபிஷரின் சமன்பாடு ஒன்று 1950இல் இதில் தீர்க்கப்பட்டது. மறு ஆண்டு 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார்கள். நிரல் நாடாக்களைக் கயிற்றில் கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிடுவார்கள். முறை வந்தால் ஓடும். இரவில் அனுமதி பெற்றவர்கள் தாங்களே இயக்கலாம், இயந்திரம் மக்கர் செய்யும்வரை. ஜான் கெண்ட்ரூ மயோகுளோபின் புரதத்தின் அமைப்பை அறிய வேண்டிய பெருங்கணக்குகளை இங்கே போட்டார். 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எட்சாக் இல்லாதபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. நரம்பில் மின் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் சமன்பாடுகள் அமைத்தார்கள். அவற்றைத் தீர்க்க வேண்டிய சமயத்தில் எட்சாக் மாற்றியமைப்புப் பணிக்காக ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுழற்றும் பிரன்ஸ்விகா பொறியை எடுத்துவைத்து உட்கார்ந்தார். ஒரு துடிப்பின் பரவலைக் கணக்கிட ஏறக்குறைய மூன்று வாரம் ஆனது. விடை சோதனையோடு பொருந்தியது. 1963இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

எட்சாக் 1958 ஜூலை 11 அன்று நிறுத்தப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்த எட்சாக்-2இல் பிரையன் பர்ச், பீட்டர் ஸ்வின்னர்டன்-டையர் என்ற இரு கணிதவியலாளர்கள் நீள்வட்ட வளைவரைகளைப் பற்றிய எண்களைத் திரட்டினார்கள். அவற்றிலிருந்து 1960களில் அவர்கள் முன்வைத்த ஊகம் இன்னும் நிறுவப்படவில்லை. அதை நிறுவுபவருக்கு கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்துள்ளது.