தொலைந்த திறப்பும் மறக்காத காரும்



கார்த் திறப்பைத் தொலைத்துவிட்டுப் புதியது செய்யப் போன அனுபவம் எம்மில் பலருக்கும் இருக்கும். அண்மையில் நாமும் போனோம். திறப்பு வெட்டும் தம்பி சில நிமிடங்களில் புதிய திறப்பைக் கையில் தந்தார். கதவு திறந்தது. ஆனால் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. "திறப்பு சரி சேர். ஆனா கார் இதை இன்னும் அறியாது" என்றார். வெட்டியதை விட அறிமுகப்படுத்தத்தான் கூடுதல் நேரமும் பணமும் போனது.

பூட்டுக்குள் பொருந்தும் திறப்பு பூட்டைத் திறக்கும் என்பதுதான் எமது பாட்டன்மார் அறிந்த விதி. பொருந்தினாலும் போதாது, கார் அடையாளம் காணவும் வேண்டும் என்ற நிலைமை எப்படி வந்தது? வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி எம்மை விடவில்லை. தேடிப் பார்த்ததைப் பகிர்ந்து கொள்கிறோம்.

பண்டைய எகிப்தியர் மரத்தால் பூட்டுச் செய்தார்கள். உள்ளே தொங்கும் சிறு முளைகளைத் திறப்பின் பற்கள் தூக்கிவிட்டால் தாழ்ப்பாள் நகரும். வீட்டுக் கதவுகளில் இன்று நாம் பாவிக்கும் பூட்டும் ஏறத்தாழ அதே தத்துவம்தான். அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் அதை உலோகத்தில் சிறிதாக்கிச் செம்மைப்படுத்தினார்.

வேறொரு வழியும் இருந்தது. தியார்பக்கிர் நகரில் அர்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரி, 1206இல் எழுதி முடித்த பொறியியல் நூலில், எழுத்துகள் பொறித்த நான்கு வட்டுகள் கொண்ட பெட்டிப் பூட்டொன்றை விவரிக்கிறார். வட்டுகளைச் சரியான எழுத்துகளில் நிறுத்தினால்தான் பெட்டி திறக்கும். திறக்கும் இரகசியம் உலோகத் துண்டில் இல்லை, மனிதனின் நினைவில் இருக்கிறது. இன்றைய கார்த் திறப்பின் தலைக்குள் இருக்கும் சிப், இந்த இரண்டாவது வழியில் வந்த பிள்ளை.

அடுத்து 1851ஆம் ஆண்டு லண்டனுக்குப் போவோம். ஜோசப் பிராமா என்பவரின் பூட்டொன்று பிக்கடிலி வீதிக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பல தசாப்தங்களாகத் தொங்கியது. திறப்பின்றித் திறப்பவருக்கு 200 கினிகள் பரிசு. பெரும் கண்காட்சிக்காக வந்திருந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி ஆல்பிரட் ஹொப்ஸ், முதலில் புகழ்பெற்ற சப் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். பிறகு பிராமா பூட்டோடு 16 நாட்களில் ஏறத்தாழ 51 மணித்தியாலம் போராடி அதையும் திறந்துவிட்டார்.

லண்டனே அதிர்ந்தது. பூட்டின் பலவீனத்தை ஊரறியச் சொல்லலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. ஹொப்ஸின் பக்க வாதம் இதுதான்: திருடனுக்கு அது ஏற்கெனவே தெரியும், தெரியாமல் இருப்பவர் வீட்டுக்காரர் மட்டுமே. இந்த விவாதத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

காருக்கு வருவோம். தொடக்கத்தில் இயந்திரத்தைக் கையால் சுழற்றித்தான் கிளப்பினார்கள். 1912இல் கடிலக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. திறப்பைத் திருகியே இயந்திரத்தைக் கிளப்பும் முறையைக் கிறைஸ்லர் 1949இல் கொண்டு வந்தது. ஆனால் அந்தத் திறப்பு உண்மையில் வெறும் சுவிட்ச். பின்னாலுள்ள வயர்களை இழுத்து இணைத்தால் திறப்பே இல்லாமல் காரைக் கொண்டு போகலாம். திருடர்கள் அதைத்தான் செய்தார்கள்.

1986இல் கோர்வெட் காரின் திறப்பில் சிறு மின்தடை ஒன்றைப் பதித்தார்கள். 15 வகைப் பெறுமதிகள்தான் இருந்தன. பொறுமையுள்ள திருடனுக்கு 15 பெரிய எண்ணிக்கை அல்ல. 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் கார்த் திருட்டு பெருகியபோது காப்புறுதி நிறுவனங்கள் நெருக்குதல் கொடுத்தன. ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் விதி வகுத்தது. 1998 ஒக்டோபரிலிருந்து அங்கு விற்பனையாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் இம்மொபிலைசர் கட்டாயமானது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. திறப்புத் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. திறப்பின் தலைக்குள் உள்ள சிப், அந்தச் சுருளிலிருந்தே மின்சக்தி பெற்று விழித்துக் கொள்கிறது. கார் ஒரு கேள்வி இலக்கத்தை அனுப்பும். சிப் தன் இரகசியத்தைக் கொண்டு விடையைக் கணித்துச் சொல்லும். விடை சரியென்றால்தான் இயந்திரம் ஓடும். எந்தெந்தச் சிப்புகளை நம்பலாம் என்ற பட்டியல் காரின் நினைவகத்தில் இருக்கிறது. புதிய திறப்பை அந்தப் பட்டியலில் சேர்ப்பதைத்தான் 'புரோகிராம் செய்வது' என்கிறோம்.

கதவைத் திறக்கும் ரிமோட் பொத்தான் வேறு சங்கதி. அதற்குப் பற்றரி வேண்டும், அது வானொலி அலையில் பேசும். ஜப்பானுக்கென்று செய்த வாகனங்களில் 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டியும், ஐரோப்பிய வாகனங்களில் பெரும்பாலும் 433இலும் அந்த அலை இருக்கும். இணையத்தில் மலிவாக வாங்கிய ரிமோட் எமது ஜப்பான் காரோடு பேச மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தச் சிப்புகளும் பிராமா பூட்டின் கதியைச் சந்தித்தன. 2005இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ ஆய்வுக்கூடத்தினரும், மில்லியன் கணக்கான கார்களில் இருந்த 40 பிட் சிப் ஒன்றின் இரகசியத்தை உடைத்துக் காட்டினார்கள். பின்னர் பேர்மிங்ஹாம், நைமேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெகாமொஸ் என்ற இன்னொரு சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்தார்கள். வொக்ஸ்வேகன் நிறுவனம் 2013இல் இங்கிலாந்து நீதிமன்றில் தடையுத்தரவு பெற்றது. கட்டுரை 2015இல்தான் வெளிவந்தது. 1851இன் அதே விவாதம் மீண்டும் நடந்தது.

அப்படியென்றால் இது வீண் தொல்லையா? இல்லை. அமெரிக்காவில் இம்மொபிலைசர் சட்டத்தால் கட்டாயமாக்கப்படவில்லை. அங்கு விற்பனையான கியா, ஹூண்டாய் கார்களில் பல அது இல்லாமலே ஓடின. 2021க்குப் பிறகு அவற்றைத் திருடும் முறை சமூக ஊடகங்களில் பரவ, நகரம் நகரமாகத் திருட்டு பெருகியது. குறைகள் இருந்தாலும் அந்தச் சிறு சிப் பெரிய காவல்தான்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. முன்பு இரண்டாவது திறப்பை ஊர்க் கொல்லர் அரத்தால் அராவித் தந்தார். இப்போது அந்த அதிகாரம் கொம்பனியின் கணினியிலும், அதற்கான கருவி வைத்திருப்பவர் கையிலும் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. தொலைந்த திறப்பைக் கார் மறப்பதில்லை. நாம் புதியது செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். பழையதின் பெயர் பட்டியலில் இருக்கும் வரை, அதைக் கண்டெடுத்தவரும் காருக்கு உரிமையாளர்தான்.

எமது நாட்டில் இது சிறு விடயமல்ல. எமது வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் ஒருவர் பாவித்து இங்கு வந்தவை. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. எத்தனை திறப்புகள் எவரெவர் இலாச்சியில் கிடக்கின்றன என்று யார் அறிவார்?

ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின் போது நடந்தது நாம் எல்லோரும் அறிந்ததே. கஃபாவின் திறப்பு உஸ்மான் இப்னு தல்ஹா (ரழி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. அதிகாரம் முழுவதும் கையில் இருந்த அந்த நாளில், நபி (ஸல்) அவர்கள் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பனூ ஷைபா குடும்பம் இன்றும் அதைக் காத்து வருகிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் வசனத்தை முஃபஸ்ஸிர்கள் இந்நிகழ்வோடு தொடர்புபடுத்துவார்கள்.

திறப்பு என்றைக்கும் அமானிதம்தான். திறப்புச் செய்பவர் வாகனப் பதிவுச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கேட்டால் கோபப்பட வேண்டாம். கேட்காதவரிடம்தான் யோசிக்க வேண்டும். போகும்போது வீட்டிலுள்ள எல்லாத் திறப்புகளையும் கொண்டு போங்கள். பழைய பட்டியலை அழித்து, கையில் இருப்பவற்றை மட்டும் பதியச் சொல்லுங்கள். எத்தனை திறப்புகள் பதிவில் உள்ளன என்பதைக் கருவியின் திரையில் நீங்களே பாருங்கள். பாவித்த கார் வாங்குபவர்களும் இதை முதல் வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது.

நாம் அன்று இதைக் கேட்காமல்தான் வீடு வந்தோம். மறுநாள் திரும்பிப் போய்த் தொலைந்ததை அழித்த பிறகுதான் இரவு நிம்மதியாகத் தூங்கினோம். அல்ஹம்துலில்லாஹ்.